ஏற்கப்படாத ஐந்து செய்திகள்

டெல்லியிலிருந்து தமிழ்ப் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்புகிற ஒரு சின்ன நிறுவனத்தில் பல வருடம் துணையாசிரியராக இருந்தேன். கரோல் பாக்கில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேல், மாடியில் இரண்டு அறை. செய்தியாளர்கள் மூன்று பேர். செய்தி வாங்கும் பத்திரிகைகள் ஏழு. அதில் ஐந்து காலைப் பத்திரிகை, இரண்டு மாலைப் பத்திரிகை. இந்த மூன்றுக்கும் ஏழுக்கும் நடுவில் நான்.

செய்தியாளர்கள் அனுப்பும் செய்தி எந்த லட்சணத்தில் வரும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. "நேத்து சொன்ன ஆள் இன்னிக்கு மறுத்துட்டார், போட்டுக்கோ" என்று ஒரே ஒரு வரி போனில் வரும். நேற்று யார் என்ன சொன்னார், இன்று எதை மறுத்தார் என்று நான் ஊகித்து நான்கு பத்தி எழுத வேண்டும். இரண்டாம் பாதி முதலில் வரும். ஊர்ப்பெயர் இருக்காது. சில சமயம் எழுவாயே இருக்காது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, குறைந்ததை நிரப்பி, கோணலை நிமிர்த்தி அனுப்புவேன். எது வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் மென்பொருள் என்று ஒன்று உண்டென்றால், அன்றைக்கு அது நான்தான். டீ குடிக்கும், மாதம் ஒரு நாள் லீவு போடும்.

நிறுவனத்தை நடத்துகிறவருக்கு இது பிடிக்கவில்லை. நான் லீவு போட்ட ஒரு நாளில் பத்திரிகைகளுக்கு ஒன்றுமே போகவில்லை என்பது காரணம். ஒரு பொறியாளரை வரவழைத்தார். முப்பத்திநான்கு வயதுப் பெண். பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கம். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. தமிழ் மடமடவென்று பேசுவார், நடுநடுவே ஹிந்தி. படிப்பதுதான் சிரமம். எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஈரத் தரையில் நடப்பவர் போல மெதுவாக வருவார். நாற்பதைத் தாண்டிய எல்லோரும் அவருக்கு அங்கிள். என்னையும் முதல் நாளே சேர்த்துவிட்டார்.

அவர் எழுதிய மென்பொருளின் முதல் வடிவம் என்னைப் போலவே இருந்தது. செய்தியாளர் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குச் செய்தியை அனுப்ப வேண்டும். முதல் வரி பிரிவு, இரண்டாவது ஊர், மூன்றாவது தலைப்பு, பிறகு செய்தி, கடைசியில் 'முற்றும்'. இதில் எது இல்லாவிட்டாலும் அது கோபித்துக்கொள்ளாது. பிரிவு இல்லையா, 'பொது'. ஊர் இல்லையா, 'புதுடெல்லி'. தலைப்பு இல்லையா, கண்ணில் படும் முதல் வரியே தலைப்பு.

"பேசறவங்க எப்படிப் பேசினாலும் கேக்கறவங்க புரிஞ்சுக்கணும் அங்கிள். நல்ல சாஃப்ட்வேர்னா அதுதான்" என்றார்.

எங்கள் மூத்த செய்தியாளருக்கு இந்தக் கொள்கை மிகவும் பிடித்துப்போனது. திருநெல்வேலிக்காரர். டெல்லிக்கு வந்து முப்பது வருடமாகியும் பேச்சில் ஒரு எழுத்துகூட மாறாதவர். "இந்தப் பிள்ளைக்கு இருக்க விவரம் ஒமக்கு இல்லையேவே" என்று என்னிடம் சொன்னார்.

இரண்டே வாரம். ஒரு சனிக்கிழமை காலையில், மதுரைப் பதிப்பிலிருந்து ஒரு பத்திரிகை உதவியாசிரியர் எனக்குப் போன் செய்தார்.

"சார், அந்த அரிசி மேட்டர். அஞ்சு கிலோன்னு போட்டிருக்கீங்க. அது ஒரு கார்டுக்கா, ஒரு ஆளுக்கா?"

"எந்த அரிசி?"

அவர் படித்துக் காட்டினார். 'புதுடெல்லி: இட்லி அரிசி அஞ்சு கிலோ. உளுந்து ரெண்டு. நல்லெண்ணெய். முருங்கைக்காய் முத்தலா இருந்தா வாங்க வேண்டாம். மோர்மிளகாயை மறந்துட்டு வந்து நிக்காதீங்க.'

மூத்த செய்தியாளரின் மனைவி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் கொடுத்தனுப்பிய பட்டியல் அது. மளிகைக் கடைக்காரருக்கு அனுப்புவதாக நினைத்துக் கணவர் அதை எங்கள் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறார். நான் வேலை முடிந்து போன பிறகு வந்த அதை மென்பொருள் அன்போடு ஏற்று, பிரிவும் ஊரும் சேர்த்து, ஏழு பத்திரிகைகளுக்கும் அனுப்பிவிட்டது. ஐந்து பேர் சிரித்துவிட்டுத் தூக்கிப்போட்டார்கள். ஒருவர் தலைநகர்ச் செய்திகள் பக்கத்தில் பெட்டிச் செய்தியாக வைத்திருந்தார். மதுரைக்காரர் மட்டும் விவரம் கேட்டார்.

திங்கட்கிழமை பொறியாளர் வந்தபோது முகம் சிவந்திருந்தது. அன்று மாலைக்குள் மென்பொருளை அடியோடு மாற்றினார். இனி ஐந்தில் ஒன்று குறைந்தாலும் செய்தி உள்ளே நுழையாது. அனுப்பியவருக்கே ஒரு பதில் போகும்: 'உங்கள் செய்தி ஏற்கப்படவில்லை. இரண்டாம் வரியில் ஊர் இல்லை.' அனுப்பிய செய்தியைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு வடிவம் வைத்தார்: முதல் வரி 'நீக்கு', இரண்டாவது வரி செய்தி எண். ஒரு செய்தியை ஏற்றுக்கொண்டால் மென்பொருள் பதிலில் எண் கொடுக்கும். அந்த எண்.

"நான் தமிழ் முழுக்கப் படிச்சு சரிபார்க்க முடியாது. ஃபார்மேட்டைத்தான் பார்க்க முடியும். அதுவாவது ஒழுங்கா இருக்கட்டும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் வேலை பாதியானது. முதல் முறையாக ஒரு மணிக்கே சாப்பிட உட்கார்ந்தேன்.

மூத்த செய்தியாளர் தினமும் சண்டை போட்டார். மென்பொருள் அனுப்பும் பதில்களைப் படிப்பதையே நிறுத்திவிட்டார். "எம் பொண்டாட்டிகூட இத்தனை தடவை திருப்பி அனுப்ப மாட்டா." ஏற்கப்படாத செய்திகளின் பட்டியல் பொறியாளரின் திரையில் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். மாலையில் அதைப் பார்த்து எண்ணிக்கை சொல்வார். "இன்னிக்குப் பதினொண்ணு. அதுல ஒன்பது நெல்லை அங்கிள்." நாங்கள் சிரிப்போம். அந்தப் பட்டியலை நானும் திறந்து பார்க்கவில்லை, அவரும் படிக்கவில்லை. எண்ணினோம், அவ்வளவுதான்.

இப்படி ஒரு மாதம் போன பிறகு ஒரு நாள், துவாரகா பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் நிலவறையில் காலை ஒன்பது மணிக்குச் சாரம் சரிந்து, ஊற்றிய கான்கிரீட்டோடு கீழே வந்தது. மூத்த செய்தியாளர் போனார். பத்தரைக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. பிரிவு, ஊர், தலைப்பு, செய்தி, முற்றும். ஒரு புள்ளி பிசகவில்லை. மென்பொருள் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. பொறியாளர் கைதட்டினார்.

செய்தி இதுதான். உள்ளே போனதாகப் பதிவேட்டில் இருந்தவர்கள் இருபத்திமூன்று பேர். வெளியே வந்தவர்கள் இருபத்திரண்டு. காணாமல் போன ஒருவர் கள்ளக்குறிச்சிப் பக்கத்தைச் சேர்ந்த தமிழர், வயது முப்பத்தாறு. இடிபாட்டில் சிக்கியிருக்கலாம் என்று அஞ்சப்படுகிறது. தீயணைப்புப் படையினர் தோண்டுகிறார்கள். கூட வேலை செய்பவர்களிடம் கேட்டு எங்கள் ஆள் இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தார்: சொந்த ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய அண்ணன் டீக்கடை வைத்திருக்கிறார், தாயார் அண்ணனோடு இருக்கிறார்.

பெயரும் ஊரும் வேறு எவரிடமும் இல்லை. எங்களிடம் மட்டும்தான். இரண்டு சொல்லை மாற்றி நான் விட்டுவிட்டேன். காலைப் பத்திரிகைகளுக்கு அவசரம் இல்லை. மாலைப் பத்திரிகை இரண்டும் உடனே எடுத்துக்கொண்டன. அதில் ஒன்று வெளியூர்ப் பதிப்பை முன்னதாகவே அச்சுக்கு அனுப்பும். வேன் மதியம் கள்ளக்குறிச்சி போய்ச் சேர வேண்டும் என்பதால் பதினொன்றரைக்கெல்லாம் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். உள்ளூர் ஆள் என்பதால் முதல் பக்கத்தில் மூன்று காலம் அகலத்துக்கு இடம் ஒதுக்கி, தலைப்பில் 'பலி?' என்று கேள்விக்குறி போட்டு வைத்தார்கள். கேள்விக்குறி போட்டால் எதையும் சொல்லலாம் என்பது எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை.

பதினொன்று ஐம்பதுக்கு நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பொறியாளர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கிளுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு? அஞ்சு ரிஜெக்ட். எல்லாம் அரை மணிக்குள்ள."

"காலையில ஒழுங்கா அனுப்பினாரே."

"அதான் ஆச்சரியம். இதுல தலைப்பே இல்லை. ஏக் மினிட்." அவர் ஒரு செய்தியைத் திறந்து எழுத்துக் கூட்டினார். "யோ... வ். அ-வ-ன்... அவன். உ-யி-ரோ... உயிரோட. இ-ருக்-கா..."

நான் டீயை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் படித்தேன்.

முதலாவது பதினொன்று இருபதுக்கு வந்தது: 'யோவ் அவன் உயிரோட இருக்கான். எம் பக்கத்துல நிக்கான். அந்த மேட்டரை எடுத்துரு.' அதற்கு மென்பொருளின் பதில்: முதல் வரியில் பிரிவு இல்லை. இரண்டாவது: 'நீக்கு. நீக்குன்னு போட்டாச்சு. நீக்கு.' பதில்: செய்தி எண் இல்லை. மூன்றாவது: 'எந்த நம்பரு? எவனுக்குத் தெரியும் நம்பரு?' நான்காவதை இங்கே எழுத முடியாது. ஐந்தாவது: 'அவங்க அம்மா பேப்பரைப் பாத்தா என்னவே ஆகும்.'

செய்தி எண் அவர் கையில் இருந்த போனிலேயே, காலையில் வந்த பதிலில் இருந்தது. மென்பொருளின் பதில்களைப் படிப்பதில்லை என்று அவர் முடிவு செய்திருந்ததால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. போன் பண்ணியிருக்கலாமே என்றால், அவர் நின்றது இரண்டாவது நிலவறை. அங்கே பேச்சு போகாது. செய்தி மட்டும் முக்கி முனகிப் போகும். மேலே ஏறும் வழியைத் தோண்டுகிறவர்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

நடந்தது இவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. அந்தத் தொழிலாளியின் மகள் புசா ரோட்டில் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. அன்று காலை பெற்றோர் கூட்டம். மனைவி வேலை செய்யும் வீட்டில் விருந்தாளிகள், அவரால் வர முடியாது. இவருக்கும் விடுப்பு கிடையாது. இந்த மாதிரி நேரத்துக்கென்று கட்டட வேலைக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. எட்டு மணிக்கு வாசலில் முகத்தைக் காட்டி வருகை பதிந்துவிட வேண்டும். போனைக் காவலர் அறையில் ஒப்படைத்துவிட வேண்டும். போன் உள்ளே இருந்தால் ஆளும் உள்ளே இருப்பதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். பிறகு பின்பக்கத் தகர வேலியில் ஆணி கழன்ற தகட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போய், வேலையை முடித்துக்கொண்டு அதே வழியாகத் திரும்பி வந்துவிட வேண்டும். மேஸ்திரிக்கு அரைகுறையாகத் தெரியும்.

பதினொரு மணிக்கு அவர் தகட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது ஆட்கள் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். யாரோ மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கித் தோண்ட ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடம் தன்னையே தோண்டியிருக்கிறார். பக்கத்தில் நின்ற எங்கள் செய்தியாளரிடம் "யாரு சார் மாட்டிக்கினது?" என்று கேட்டிருக்கிறார். இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு முகத்துணியை அவிழ்த்திருக்கிறார்.

இதெல்லாம் தெரியாமலே நான் மாலைப் பத்திரிகை இரண்டுக்கும் போன் செய்தேன். முதல் பத்திரிகையின் பக்கம் இன்னும் போகவில்லை.

"ரெண்டு காலம் வெச்சிருக்கேன்யா. எடுத்துட்டு அங்க எதை வைக்கிறது, என் ஜாதகத்தையா?"

"உயிரோட இருக்கார்னு ஒரு செய்தி தர்றேன். அரைக் காலம்."

"உயிரோட இருந்தா அரைக் காலம்தான்யா" என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது பத்திரிகையில் இருபது நிமிடம் பிந்திவிட்டேன். வெளியூர்ப் பதிப்பு அச்சாகி, கட்டுகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன. நகரப் பதிப்பில் எடுத்துவிடலாம். இணையப் பக்கத்தில் போடுகிற ஆள் நாலு மணிக்குத்தான் வருவார், அதனால் அங்கே இல்லை. ஆனால் கள்ளக்குறிச்சிக் கட்டு போகும். முதல் செய்தி வந்த பதினொன்று இருபதுக்கு எங்களில் ஒருவர் படித்திருந்தால் போயிருக்காது. இதைப் பொறியாளரிடம் நான் சொல்லவில்லை. அவரே கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டார்.

"அம்மாவுக்குப் போன் இருக்கா?" என்றார்.

தெரியாது. நெல்லைக்காரருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டதில், தொழிலாளியின் போன் காவலர் அறையில். காவலர் அறையைப் போலீஸ் பூட்டி வைத்திருந்தது. அண்ணன் எண்ணோ மனைவி எண்ணோ அவருக்கு மனப்பாடம் இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. பத்திரிகைக்கு ஒவ்வொரு ஊரிலும் ஏஜென்ட் உண்டு. விற்பனைப் பிரிவில் கேட்டு அந்த ஊர் ஏஜென்டின் எண்ணை வாங்கினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"இப்ப எடுக்க மாட்டார் சார்" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். "காலைப் பேப்பர் போட்டுட்டு, சாப்பிட்டுட்டு, படுத்துருவார். ரெண்டரைக்குக் கட்டு வர்ற நேரத்துக்குத்தான் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். நீங்க சொல்ற டீக்கடைக்கு நேர் எதிர்லதான் கட்டைப் பிரிப்பார்."

ஒன்றரை மணிக்கு மூத்த செய்தியாளர் தொழிலாளியை மெட்ரோவில் ஏற்றி எங்கள் மாடிக்கே கூட்டி வந்துவிட்டார். கட்டடத்தில் நின்றால் ஒப்பந்தக்காரர் கையில் அகப்படுவார் என்று பயம். இரண்டு பேரும் தலையிலிருந்து கால்வரை சிமென்ட் நிறம்.

"எங்கே அந்தப் பிள்ளை?" என்று உள்ளே வந்தார் எங்கள் ஆள். "எம்மா தாயி, ஒரு மனுசன் உயிரோட இருக்கான்னு சொல்லுதேன், பிரிவு என்னன்னு கேக்குதே ஒன் மிசினு! என்ன பிரிவு போட? விளையாட்டா?"

"அங்கிள், நீங்க அரிசி வாங்கறதைக்கூட அது நம்பிடுச்சு. அதுக்கப்புறம் நான் எதை வெச்சு நம்பறது?"

"அது அரிசி, இது ஆளு!"

"மிஷினுக்கு ரெண்டும் டெக்ஸ்ட் தான் அங்கிள்!"

இருவரும் சொன்னது சரியாக இருந்தது. அதனால் சத்தம் கூடிக்கொண்டே போனது. தொழிலாளிக்கு டீயும் பன்னும் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். துணி அழுக்கு என்று நுனியில் உட்கார்ந்தார். மனைவிக்குச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். "நான் ஸ்கூலுக்குப் போனது அவளுக்குத் தெரியும் சார். அவ பயப்பட மாட்டா. எங்கம்மாதான்." கொஞ்ச நேரம் சண்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், இன்னா தகராறு என்றார். சொன்னேன். செய்தியை அனுப்புவதற்கு ஒரு முறை, நிறுத்துவதற்கு ஒரு முறை, முறைப்படி வராவிட்டால் ஏற்காது.

"நிறுத்தறதுக்குமா?" என்றார். "எங்க கிரேன்ல அப்டி இல்ல சார்."

பொறியாளர் திரும்பினார். "எப்படி?"

"தூக்கு, எறக்கு, வலது, எடது, அதெல்லாம் ஒரே ஆளுதான் சொல்லணும் மேடம். பச்சைச் சட்டை போட்டவரு. கைய இப்டித்தான் காட்டணும்னு இருக்கு. வேற எவன் காட்டினாலும் கிரேன்காரரு அசைய மாட்டாரு. ஆனா நிறுத்துன்னா எவன் வேணா சொல்லலாம்."

"கோயி பி? யார் வேணாலுமா?"

"டீ கொண்டாற ஆளு கைய ஆட்டினாக்கூட நிறுத்திருவாரு. அப்றம் எறங்கி வந்து திட்டுவாரு, அது வேற."

"எந்த பாஷையில சொல்லணும்?"

"பாஷை இன்னா மேடம். பீகார்க்காரன் ரோகோன்னுவான், நாங்க இரு இருன்னுவோம். சும்மா ஐயோன்னாலும் செரி." பன்னில் மீதியை டீயில் நனைத்தார். "தப்பா நிறுத்தினா ரெண்டு நிமிசம் போவும். அவ்ளோதான?"

பொறியாளர் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று அவர் எழுதியதுதான் நான் அந்த வேலையை விடும்வரை ஓடியது. செய்தி வெளியே போக வேண்டுமானால் ஐந்தும் சரியாக இருக்க வேண்டும். அதில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு செய்தி அனுப்பிய செய்தியாளரிடமிருந்து அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வடிவம் கெட்ட எது வந்தாலும், பத்திரிகைகளுக்கு 'பொறுங்கள்' என்று ஒரு குறிப்பு போகும். என் மேஜையில் மணி அடிக்கும். நான் படித்துவிட்டுத்தான் முடிவு. ஏற்கப்படாதது எதுவும் ஆள் கண்ணில் படாமல் போகாது.

இதனால் தொல்லை வராமல் இல்லை. ஓர் அமைச்சரின் பேட்டியை அனுப்பிய கையோடு எங்கள் நெல்லைக்காரர் 'மழை கொட்டுதுவே, குடை இல்ல' என்று அதே எண்ணுக்கு அனுப்ப, அமைச்சர் பதினைந்து நிமிடம் நின்றார். பத்திரிகைகள் திட்டின. பொறியாளர் மாற்றவில்லை. என்னால் மறுபடி இரண்டு மணிக்குத்தான் சாப்பிட முடிந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். இரண்டு மணியிலிருந்து ஏஜென்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்தோம். தொழிலாளி டீக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றார். இரண்டு இருபத்தெட்டுக்கு ஏஜென்ட் எடுத்தார்.

"சொல்லுங்க சார், கட்டு இப்பத்தான் எறங்குது."

"பிரிக்காதீங்க. எதிர்ல டீக்கடை இருக்கா? அங்க ஒரு அம்மா இருக்காங்களா?"

"இருக்குது. வாசல்ல ஒக்காந்து வெங்காயம் உரிக்குது."

"போனை அவங்ககிட்ட குடுங்க. ஓடுங்க."

அவர் ஓடுவதும், ஒரு பேருந்தின் ஹார்னும், யாரோ அவரைத் திட்டுவதும் கேட்டது. போனை மேஜைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார் பொறியாளர். தொழிலாளி குனிந்தார்.

"எம்மா. நான்தான்."

"இன்னாடா இந்நேரத்துல? வேலை இல்லியா?"

"இருக்குதும்மா. பேப்பர்ல ஒண்ணு போட்டுக்கீறான். நம்பாத."

"இன்னா போட்டுக்கீறான்?"

அவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

"நான் செத்துட்டிருப்பேன்னு."

அந்தப் பக்கம் வெங்காயத்தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் வந்தது.

"செத்துட்டியா?"

"இல்லம்மா. பேசறேன்ல?"

"அப்ப எங்கடா போன?"

"பாப்பா ஸ்கூலுக்கு. மீட்டிங்கு."

"வேலைக்குப் போறேன்னுட்டு ஸ்கூலுக்கா?" மூச்சு விட்டார். "போட்டது எவன்?"

தொழிலாளி என் பக்கம் பார்த்தார். "இங்கதான் ஒரு சாரு இருக்காரும்மா."

"குடு அவன்கிட்ட."

மூத்த செய்தியாளர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். நான் போனைக் கையில் எடுத்தேன்.

"நீதான் போட்டியா?"

"நாங்கதாம்மா. தப்பாயிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

"ஏன்யா, எங்க கடை எங்க கீதுன்னு கரெக்டா கண்டுபிடிச்சு எழுதிக்கீற. எதுத்தாப்புல பேப்பர்காரன் ஒக்காந்துனுகீறான். எம் மவன் இருக்கானா இல்லியான்னு ஒரு போனு போட்டு எங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நாங்களே அவன் பொண்டாட்டிக்குப் போட்டுக் கேட்டுச் சொல்லியிருப்போமே."

எந்த மென்பொருளும் அன்றைக்கு என்னிடம் அதைக் கேட்டிருக்காது. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

"போட்டா போட்டுக்கீறியா?"

"இல்லம்மா. படம் கிடைக்கல."

"அப்ப செரி, பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேருக்கு நான் சொல்லிக்கிறேன். அவன்கிட்ட குடு, புள்ள எப்டிப் படிக்குதுன்னு கேக்கணும்."

போனைக் கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கணக்கில் நல்ல மார்க், தமிழ்தான் கொஞ்சம் இழுக்கிறது என்று டீச்சர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலைந்து நிமிடம் பேசினார்கள். கடைசியில் போன் ஏஜென்ட் கைக்குப் போனது.

"சார், கட்டைப் பிரிக்கலாமா? ஆளுங்க நிக்கறாங்க."

"பிரிங்க" என்றேன். "முதல் பேப்பரை அந்த அம்மாவுக்குக் குடுங்க."

"அந்த அம்மா ஏற்கெனவே கட்டுலேர்ந்து ஒண்ணை உருவி எடுத்துனு போயிருச்சு சார். கடையில ஒவ்வொருத்தர்கிட்டயா காட்டினு இருக்குது."